மெசினைக் கழுவியது யார்?

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நிலோஜனைச் சிறைச்சாலை வாகனத்தில் ஏற்றிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று சிலர் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். அந்தப் பிள்ளையை உள்ளே வைத்துவிட்டு எனக்கும் ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

மறந்தவர்களுக்காக ஒருதரம் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மம்மல் பொழுது, இருட்டுப்படுகிற நேரம். மில்லில் நெல்லை இறக்கிவிட்டு பின்னால் கொழுவிய வெறும் பெட்டியோடு உழவு மெசினை ஓட்டிக்கொண்டு வந்த நிலோஜன், மதகடியில் ஒரு சைக்கிளும் ஒரு மனிதரும் விழுந்து கிடப்பதைக் கண்டான். ஊர் ஊராகப் போய்ச் சாறனும் சட்டைத்துணியும் விற்கும் மீராசாஹிப். மனிதருக்கு மூச்சு இருந்தது. தூக்கிப் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எட்டு மணிக்கு அவர் உயிர் போய்விட்டது.

புதன்கிழமை மத்தியானம் பொலிஸ் வந்தபோது மெசின் மஞ்சள் மணக்க, கழுவிய சுத்தத்தோடு முற்றத்தில் நின்றது. இடித்தவன்தானே கழுவுவான் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படி நினைப்பதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. இருபத்தொரு வயதுப் பிள்ளை விளக்கமறியலுக்குப் போனான். அப்பா அழகரத்தினம் அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. அறுவடை காத்திருக்காது என்று விடிய முந்தி வயல் வட்டைக்குப் போகிறார், இருட்டிய பிறகு வருகிறார்.

இனி இந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

காலை ஏழு மணிப் பாதையில் தக்ஷாயினி ஏறினாள். மண்டூரிலிருந்து அக்கரைக்கு ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாகச் சுமந்துபோகும் அந்த இரும்புத் தட்டையான படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். வழியனுப்ப வந்த அம்மா இரத்தினம்மா துறையோடு நின்றிருக்கலாம். அவளும் ஏறிவிட்டாள்.

நிலோஜனின் அக்கா தக்ஷாயினி பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் குற்றவியல் நீதி படித்து முடித்தவள். இன்றைக்குப் பத்தரை மணிக்கு மட்டக்களப்பு நகரத்தில் அவளுக்கு நேர்முகப் பரீட்சை. நன்னடத்தை உத்தியோகத்தர் வேலை. வழக்கில் மாட்டிய இளம் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் விசாரித்து, அவர்களைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் உத்தியோகம். படிக்கப் போன முதல் வருடத்திலிருந்தே அவள் வேறு எந்த வேலையையும் நினைத்துப் பார்த்ததில்லை.

"தம்பியின்ட கதையை அங்க கதைக்காத புள்ள," என்றாள் இரத்தினம்மா. "கேட்டாத்தான் சொல்லணும். கேக்காததுக்கு வாயத் திறக்காத."

"கேட்டா?"

"கேக்கமாட்டாங்க. அவங்களுக்கு வேற வேல இல்லையா?"

பாதை நடு ஆற்றுக்கு வந்துவிட்டது. வாவி என்று படத்தில் போட்டிருக்கும், எங்களுக்கு அது ஆறு. இரத்தினம்மா பக்கத்தில் நின்றவர்களை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"சனிக்கிழம பொலிசுக்குப் போய் நான் வாக்குமூலம் குடுத்திட்டன்."

"என்ன குடுத்தீங்க?"

"நான்தான் மெசினைக் கழுவினன் எண்டு. நீ அண்டைக்கு ஊட்ட இல்ல. செவ்வாய்க்கிழமையே கொழும்பு பஸ்ஸுல போயிட்டாய். விளங்குதா?"

தக்ஷாயினிக்கு நன்றாக விளங்கியது.

அவள் கொழும்பு பஸ் ஏறியது புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. அதற்கு முன்னால் ஐந்தரை மணிக்குக் கிணற்றடியில் நின்றாள். செத்துப்போன ஒருவரின் இரத்தம் பட்ட மெசினை அப்படியே மறுநாள் நெல்லுக்கு ஓட்டுவது எங்கள் பக்கத்தில் இல்லை. கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பங்குழையால் தடவி, தேசிக்காய் வெட்டிக் கழிப்புக் கழிக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டுகிற பிள்ளைக்கு ஒன்றும் அணுகாது. அம்மாவுக்கு இரத்தம் கண்டால் தலை சுற்றும். அதனால் அவள் குசினியில் மஞ்சள் கரைத்தாள், மகள் கழுவினாள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் ஒரு பாடம் முழுக்க இதுதான். சம்பவம் நடந்த இடத்தில் எதையும் தொடாதே, எதையும் நகர்த்தாதே, எதையும் கழுவாதே. அந்தப் பாடத்தில் அவளுக்கு அதிகூடிய புள்ளி. கொழும்பில் பாடமாக இருந்தது மண்டூரில் தன் வீட்டு முற்றத்துக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தம்பி செய்தது புண்ணிய காரியம், இது வீட்டு வேலை, பஸ்ஸுக்கு நேரமாகிறது. இருபது வாளி அள்ளி ஊற்றினாள். அரை மணித்தியாலத்தில் எல்லாம் வாய்க்காலோடு போய்விட்டது.

"அம்மா, நான்தானே கழுவினன்."

"மெல்லக் கதகா!" என்று அம்மா பல்லைக் கடித்தாள். "உன்ட வேலைக்குப் பொலிஸ் ரிப்போட் எடுப்பாங்களாம். அதுல உன்ட பேர் வரப்படாது. ஒண்டு உள்ளுக்கு இரிக்கான். மற்றதையும் எழுதிக் குடுக்க நான் என்ன விசரியா?"

"பொய் வாக்குமூலம் அம்மா அது."

"நான் படிக்காத பொம்புள. எனக்கு என்ன செய்வாங்க?"

பாதை குருமண்வெளித் துறையில் முட்டியது. தக்ஷாயினி இறங்கினாள். அம்மா இறங்காமல் அப்படியே நின்றாள், திரும்பிப் போகும் அதே பாதையில். கை காட்டவில்லை. "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் கத்தினாள்.

* * *

நிலோஜனுக்காக வாதாடும் சட்டத்தரணி ஐறிஸின் அலுவலகம் நீதிமன்றத்துக்குப் பின் தெருவில், ஒரு பறங்கி வீட்டின் முன் அறை. மெசினின் பதிவுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஓடலாம் என்றுதான் தக்ஷாயினி ஒன்பது மணிக்கு அங்கே போனாள். ஐறிஸ் அவளை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் சும்மா உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"உங்கட அம்மாவின்ட வாக்குமூலத்துல என்ன இரிக்கெண்டு தெரியுமா?"

"தான் கழுவினதெண்டு சொல்லிரிக்கிறா."

"அது மட்டுமெண்டா நான் சமாளிச்சிருப்பன். இதக் கேள்." ஐறிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "மெசினின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பெட்டியிலும் எல்லா இடத்திலும் இரத்தம் இருந்தது. நான் தனியாகக் கழுவினேன்."

தக்ஷாயினி எழுந்துவிட்டாள். "முன்பக்கமா? முன்னுக்கு ஒரு சொட்டும் இல்ல மிஸ்!"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அண்டைக்கு ஊட்ட இல்லையே."

கேட்ட பிறகுதான் ஐறிஸ் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பார்த்ததும் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

தக்ஷாயினி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பெட்டியை எட்டியும் பார்க்கவில்லை. எங்கே இரத்தம் இருந்தது என்று வாக்குமூலம் எழுதிய பொலிஸ் சார்ஜன் கேட்டிருப்பார். பார்க்காத மனுஷி என்ன சொல்வாள்? ஒரு இடத்தைச் சொன்னால் மற்ற இடத்தை மறைக்கிறதாக நினைப்பார்களோ என்று பயந்து எல்லா இடமும் என்று சொல்லியிருப்பாள். மகளை மறைக்கச் சொன்ன பொய், மகனின் மெசின் முன்பக்கத்தில் போய் இரத்தத்தைப் பூசிவிட்டது.

"முன்னுக்கு இரத்தமெண்டா இடிச்சது அவன்தான்," என்றார் ஐறிஸ். "இனிப் பொலிசுக்கு வேற ஒண்டும் தேவல்ல. இந்த ஒரு வரி காணும். நாளைக்கு வழக்குத் தவணை. இத வாசிச்சா நீதவான் எந்த முகத்தோட பிணை குடுப்பார்?"

"அப்ப நான் சொல்றன்."

"பொறு. முதல்ல எனக்குச் சொல்லு. நீ கண்டத, கண்ட ஒழுங்குல."

தக்ஷாயினி கண்ணை மூடினாள். முன் சில்லில் காய்ந்த வயல் சேறு. அது உடையாமல் அப்படியே இருந்தது. முன் தகட்டில் தூசி. இரத்தம் பெட்டிக்குள், பின் பலகை ஓரமாக, தலை கிடந்த இடத்தில் மட்டும். அங்கே ஒரு சாறன் துணி ஒட்டிக் கிடந்தது, தம்பி தலைக்கு வைத்தது. அதை உதறியபோது ஒரு கண்ணாடித் துண்டு விழுந்தது.

"என்ன கண்ணாடி?"

"முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி. ஒரு ஓரத்துல கறுப்புப் பிளாஸ்ரிக் பிடிச்சிருந்தது. ஆரும் மிதிச்சாக் கால்ல ஏறும் எண்டு எடுத்து வாழையடியில எறிஞ்சன்."

ஐறிஸ் பேனையை வைத்துவிட்டார். "உங்கட மெசினுக்குப் பக்கக் கண்ணாடி இரிக்கா?"

"இல்ல மிஸ்."

"சைக்கிளுக்கு?"

அவளுக்குத் தெரியாது. ஐறிஸ் கோப்பைப் புரட்டி, பொலிஸார் சைக்கிளைப் பற்றி எழுதிய குறிப்பைத் தேடிப் பிடித்து வாசித்தார். மணி உண்டு, லைற் உண்டு, கண்ணாடி இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி வைத்த ஏதோ ஒரு வாகனம் மீராசாஹிப்பைத் தட்டிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அதன் துண்டு அவருடைய உடுப்பிலோ துணிக்கட்டிலோ சிக்கி மெசின் பெட்டிக்கு வந்திருக்கிறது. அதைக் கண்டவள் உலகத்தில் தக்ஷாயினி ஒருத்திதான். பொலிஸ் புத்தகத்தின்படி அவள் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை.

"இண்டைக்குள்ள உன்ட வாக்குமூலம் ஏறினாத்தான் நாளைக்கு நான் வாய் திறக்கலாம்," என்றார் ஐறிஸ். "ஆனா ஒண்டு சொல்றன் கேள். தடயத்தை அழிச்ச ஆள் எண்டு உன்ட பேர் வரும். வழக்கும் வைக்கலாம். தெரியாமச் செஞ்சதெண்டு நான் வாதாடுவன்."

"நாலு வருசம் இதத்தான் படிச்சனான். தெரியாமச் செஞ்சன் எண்டா ஆரு மிஸ் நம்புவாங்க?"

"அதுதான் பிள்ள உன்ட பிரச்சின," என்றார் ஐறிஸ். "அம்மா சொன்னா நம்புவாங்க. உன்னை நம்பமாட்டாங்க."

சுவர் மணிக்கூட்டில் ஒன்பது ஐம்பது.

* * *

நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்கள் வராந்தாவில் வரிசையாக இருந்தார்கள். மாவட்டத்துக்கு மூன்று இடம். வந்திருந்தது நாற்பத்தாறு பேர். கூடப் படித்த தனுஷியா இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"உனக்கு ஒரு இடம் நிச்சயம் தக்ஷி. மற்ற ரெண்டுக்குத்தான் நாங்க அடிபடணும்," என்று சிரித்தாள். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, காய்ச்சலா?" என்று கேட்டாள்.

தக்ஷாயினி தனக்குப் பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். இதை நான் மறைக்கப் போவதில்லை. தம்பிக்காக உயிரையும் கொடுப்பேன் என்று நினைக்கிற அக்காமார்கூட வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது வேலையைத்தான் நினைப்பார்கள். உள்ளே போ, நன்றாகப் பதில் சொல்லு, வேலை கிடைக்கட்டும், பிறகு ஒரு நல்ல சட்டத்தரணியாகப் பிடித்துத் தம்பியை எடுக்கலாம் என்று அவளுடைய மனம் கணக்குப் போட்டது. ஐறிஸைவிட நல்ல சட்டத்தரணி யார் என்று அதே மனம் கேட்டது. அவளுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் அவளுடைய கோப்பைப் பார்த்துத் தலையாட்டினார்.

"முதல்தரம் விளக்கமறியலுக்குப் போகிற இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறீர்கள். என்ன கண்டீர்கள்?"

போன மாதம் கேட்டிருந்தால் அட்டவணையும் சதவீதமுமாகச் சொல்லியிருப்பாள்.

"முதல் நாள் அவங்களுக்கு நேரம் தெரியாது மேடம்," என்றாள். "எத்தின மணி எண்டு எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருப்பாங்க. வீட்டுல இருந்து ஆரும் வந்தா முதல்ல கேக்கிறது, வீட்டுல எல்லாரும் என்னை நம்புறாங்களா எண்டுதான்."

வெள்ளிக்கிழமை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நிலோஜன் கேட்டது இதைத்தான். ஆய்வுக்காகப் பேசிய பதினேழு பேரில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, அவளும் கேட்டிருக்கவில்லை.

அம்மையார் எதையோ எழுதினார். வலப்பக்கத்தில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். அவருக்கு வழக்கமான கேள்வி அது. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"உங்கள் மீது, குடும்பத்தினர் மீது, ஏதும் வழக்கு, விசாரணை?"

கேட்க மாட்டார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"என்ட தம்பி விளக்கமறியல்ல இருக்கிறார் சேர். ஒரு விபத்து மரணம் சம்பந்தமா."

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"அந்த விசாரணையில் உங்களுக்கு ஏதும் தொடர்பு உண்டா? சாட்சியாகவோ, வேறு விதமாகவோ?"

இல்லை என்று சொல்லலாம். பொலிஸ் புத்தகத்தின்படி அது உண்மையும்கூட. அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உண்மை.

"இன்னும் இல்ல சேர்," என்றாள் தக்ஷாயினி. "இண்டைக்குப் பின்னேரத்துல இருந்து இருக்கும்."

அம்மையார் பேனையை மூடினார். கோபமாக மூடவில்லை. "நீங்கள் போகலாம் பிள்ளை," என்று மெதுவாகத்தான் சொன்னார். அந்த மென்மையில்தான் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

வெளியே தனுஷியா ஓடி வந்து என்ன கேட்டார்கள் என்று விசாரித்தாள். "வழக்கமான கேள்விதான்," என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

* * *

அம்மாவுக்குத் தெரியாமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் இருந்து போனில் கோல் எடுத்து, பொலிசுக்குப் போகிறேன் என்று சொன்னாள். அம்மா கோலைத் துண்டித்துவிட்டாள்.

துறைக்குப் பக்கத்து ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்கு அவள் போய்ச் சேர மூன்றே முக்கால். வெளி வாங்கில் ஒரு இளைஞன் இருந்தான். முப்பது வயதிருக்கும். வலைக்கயிறு அறுத்த கைகள், வெள்ளைத் தொப்பி. மீராசாஹிப்பின் மகன் நௌஷாட் என்று அவளுக்குத் தெரியும். நீதிமன்ற வாசலில் கண்டிருக்கிறாள். வாப்பாவின் சைக்கிளை எப்போது தருவார்கள் என்று கேட்க வந்திருந்தான்.

தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தாள்.

"தங்கச்சி."

நின்றாள்.

"உங்கட தம்பி... வாப்பாக்குத் தண்ணி குடுத்தாரா?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஏசுவான் என்று நினைத்திருந்தாள். "ஓம் நானா. போத்தல்ல கிடந்ததக் குடுத்தவன். ரெண்டு மிடறு குடிச்சாராம்."

நௌஷாட் தலையை ஆட்டினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளே போனால் அம்மா முந்திக்கொண்டுவிட்டாள். சார்ஜன் திவாகரனின் மேசைக்கு முன்னால், நல்ல சீலை உடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவள் சொல்றத எழுதாதீங்க ஐயா. தம்பி உள்ளுக்கெண்டதும் புள்ளைக்கு மண்டை சரியில்ல. அவள் அண்டைக்கு ஊட்ட இல்ல."

"அம்மா, விடுங்க."

"நீ வாயப் பொத்து! பொய்க்காரி!"

பெற்ற மகளைப் பொலிஸ் நிலையத்தில் நின்று பொய்க்காரி என்றாள் இரத்தினம்மா. இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு கெடுதல் செய்யலாம் என்று எனக்கே எழுதும்போது பயமாக இருக்கிறது.

சார்ஜன் திவாகரன் கெட்டவர் இல்லை, களைத்தவர். புதிய பக்கத்தைத் திறந்து தக்ஷாயினியை இருக்கச் சொன்னார். அவள் ஒழுங்காகச் சொன்னாள். எத்தனை மணி, எத்தனை வாளி, எங்கே சேறு, எங்கே இரத்தம். அவர் ஒரு சொல்லும் விடாமல் எழுதினார். கண்ணாடித் துண்டுக்கு வந்ததும் பேனை நின்றது.

"முந்தி ஏன் சொல்லல்ல?"

"அப்ப அது குப்பை எண்டுதான் நினைச்சன் சேர்."

"குற்றவியல் படிச்ச ஆள் நீங்க."

"ஓம் சேர்."

அவர் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. படித்த பிள்ளை, சட்டத்தரணியோடு இருந்து ஒரு கதையைத் தைத்துக் கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார்.

"சரி. இப்பவே ஒரு கொன்ஸ்டபிளை உங்கட ஊட்ட அனுப்புறன். வாழையடியில கண்ணாடி கிடந்தா நீங்க சொன்னது உண்மை. கிடக்கல்லயெண்டா," அவர் இரத்தினம்மாவின் பக்கம் திரும்பினார், "உங்கட மகள் வேணுமெண்டே பொய் வாக்குமூலம் குடுத்தவ எண்டு எழுதுவன். அதுக்கு வேற வழக்கு. ஒரு வேலைக்கும் போக ஏலாது."

தக்ஷாயினி நிம்மதியாக மூச்சு விட்டாள். ஐந்தாறு நாளில் கண்ணாடி எங்கே போகும்? கொன்ஸ்டபிள் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

"அங்க இரிக்காது ஐயா."

சொன்னது அம்மா.

"என்ன?"

"வாழையடியில இரிக்காது. நான் எடுத்திட்டன்." இரத்தினம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அவள் எறிஞ்சதுதான். அவள்தான் கழுவினவள். நான் பக்கத்துலயும் போகல்ல ஐயா, எனக்கு இரத்தம் ஒண்ணா. முன்னுக்கு இரிந்ததா பின்னுக்கு இரிந்ததா எண்டு எனக்கென்ன தெரியும்? நீங்க கேட்டீங்க, நான் சொன்னன்."

"கண்ணாடியை என்ன செஞ்ச நீங்க?"

"அவள் பஸ்ஸுக்குப் போனா. மறுகா நான் கழிப்புக் கழிச்சன். வாழைக்குத் தண்ணி போறதப் பாக்கப் போனா அது கிடக்கு, ஓரத்துல இரத்தத்தோட. செத்தவர்ட இரத்தம் வளவுக்குள்ள கிடக்கப்படாதெல்லோ. வேப்பங்குழையால பிடிச்செடுத்து, தேசிக்காயோட, உடைச்ச தேங்காயோட, பழைய சீலைத் துண்டுல முடிஞ்சன். கழிச்சதெல்லாம் ஓடுற தண்ணியிலதானே விடணும். கொண்டுபோய் ஆத்துல எறிஞ்சன்."

"ஆத்துலயா?" சார்ஜன் பேனையைப் போட்டேவிட்டார். "ஆத்துல எங்க?"

இரத்தினம்மா ஒரு குழந்தை ஒப்புக்கொள்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"தெரியா ஐயா. முன்பக்கமாப் பாத்து எறியப்படாது. முதுகைக் காட்டி நிண்டு, தலைக்கு மேலால எறிஞ்சிட்டுத் திரும்பிப் பாக்காம வரணும். நான் பாக்கல்ல."

தக்ஷாயினி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அவள் கழுவினாள், அம்மா எறிந்தாள். தம்பியை வெளியே கொண்டுவரக்கூடிய ஒரே ஒரு பொருளை, அவனுக்கு ஒன்றும் அணுகக்கூடாது என்று நேர்ந்துகொண்டே இரண்டு பேரும் சேர்ந்து தொலைத்துவிட்டார்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவனைக் கூண்டில் ஏற்றுவார்கள்.

"என்னைப் பிடிச்சு வைங்க ஐயா," என்று இரத்தினம்மா அழத் தொடங்கினாள். "ரெண்டு புள்ளையையும் விட்டுட்டு என்னை வைங்க."

வாசலில் நிழல் தட்டியது. நௌஷாட் உள்ளே வந்திருந்தான். எவ்வளவு நேரமாக அங்கே நின்றானோ தெரியாது. நேரே இரத்தினம்மாவுக்கு முன்னால் வந்து நின்றான். அவள் பயந்து ஒரு அடி பின்னால் போனாள். இத்தனை நாளில் அந்த வீட்டார் முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

"எந்தப் பக்கத்துத் துறை?" என்று கேட்டான்.

"எங்கட பக்கம், பாதை கட்டுற துறைக்கு இஞ்சால... தாழை நிக்கிற பக்கம்."

"தேங்காயும் வெச்சுக் கட்டினீங்க?"

"ஓம். ரெண்டு பாதியும்."

"சிரட்டையோட தேங்காய், ஈரச் சீலை. தூரத்துக்குப் போயிருக்காது. அங்க நெஞ்சுமட்டும்தான் தண்ணி." நௌஷாட் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "வந்து இடத்தைக் காட்டுங்க. நான் இறங்கிப் பாக்கன்."

"எனக்கு இடம் தெரியாதே தம்பி. நான் திரும்பிப் பாக்கல்லயே."

"எறிஞ்ச இடம் தெரிய வேணாம்," என்றான் அவன். "உங்கட கால் நிண்ட இடம் தெரியும்தானே, உம்மா?"

இரத்தினம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

சார்ஜன் திவாகரன் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மணி நாலரை. இருட்டுவதற்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.